அபர்தீனில் உம் கொட்டிய கதை

சிவமயம்

செவிவழி நுழைந்து சிந்தையில் அமர்வோன்
எவர்மொழி உரைப்பினும் இசைந்துகேட் டருள்வோன்
அவன்கழல் வாழ்க; அடியேன்
கவனமும் செவியும் கைவிடா திருக்கவே.

சர்வசித்து ஆண்டு, தைத் திங்கள், பூச நன்னாள். புதுச்சேரியில் நம் ஈசுவரன் கோயிலில் பிரதோஷந்தோறும் கூடி ஓதும் அன்பர்களுக்கு, ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

கோயில் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் முன்னமே பலர் எழுதிவிட்டார்கள். இங்கே பனி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இன்று என் இளைய பேத்திக்கு முதல் நட்சத்திரப் பிறந்தநாள். சென்ற தைப்பூசத்தன்று அவள் பிறந்த பொழுதில் என் செவிக்கு நேர்ந்ததையே இங்கே எழுதத் துணிகிறேன்.

1

என்னை அறியாத இளைய அன்பர்களுக்காக ஒரு சொல். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. உழைத்தது நொத்தேர் அலுவலகத்தில், பத்திரம் எழுதும் குமாஸ்தாவாக. காலையில் தமிழ், அலுவலகத்தில் பிரெஞ்சு, மாலையில் பதிகம் என்று வீடு இருந்த குருசுக்குப்பத்திலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து குருசுக்குப்பத்துக்குமாக ஒரு வாழ்க்கை முழுவதும் நடந்து முடித்தேன். ஆங்கிலத்தைக் கண்ணால் அறிவேன். செய்தித்தாளில் பார்த்தால் அடையாளம் தெரியும். காதால் அறிமுகமில்லை.

எங்கள் ஒரே மகள் மங்கை இந்நகரில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அவள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தபோது தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் வந்துடுங்க. ஆனா ஒண்ணு. அவரு ரெண்டு வாரம் கடல்ல, ரெண்டு வாரம் வீட்டுல. அவரு இல்லாதப்ப வலி வந்துட்டா, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித்தான் கேக்கணும். என்னால பேச முடியலன்னா வேற யாராவது பேசணும்."

"நான் பேசறேம்மா."

"பேசறது பெரிசில்லப்பா. அவங்க சொல்றது உங்களுக்குக் கேக்கணுமே."

"காதுக்கு ஒண்ணும் கொறை இல்ல."

"காது இல்லப்பா, இங்கிலீஷ்!" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்தைய வரச் சொல்லட்டுமா?"

அத்தை என்பது சென்னைச் சம்பந்தியம்மாள். பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லவர். அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு இந்நாட்டுக்காரர்களே தங்கள் இலக்கணத்தைச் சரிபார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளை சொல்வார்.

பக்கத்தில் நின்ற என் மனைவி சிவகாமியின் முகம் வாடிற்று. மூத்த பேத்தி அபிராமி பிறந்தபோது எங்கள் பயணக் காகிதங்கள் வந்து சேரத் தாமதமாகி, சம்பந்தியம்மாள்தான் முதலில் குழந்தையைக் கையில் வாங்கினார். சிவகாமி ஒரு புகைப்படத்தைத்தான் வாங்கினாள்.

"இந்த வாட்டியும் அவங்க வந்தா அவங்கதான் கொயந்தைய வாங்குவாங்க. நான் அடுப்பாண்ட நின்னு எட்டிப் பாக்கணும்" என்றாள்.

அவளுக்கு நான் பெரிதாக எதுவும் வாங்கிக் கொடுத்தவன் அல்லன். "யாரும் வர வேணாம். நாங்க வர்றதுக்குள்ள என் காது தயாரா இருக்கும்" என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

2

ரெட்டியார்பாளையத்தில் சேகர் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தார். ஆங்கிலத்தைக் காதால் பழகுவதற்கென்றே இணையத்தில் பாடங்கள் இருப்பதாகச் சொல்லி, என் தலையில் ஹெட்போனை மாட்டி, ஒரு பாடத்தை ஓடவிட்டார். ஒரு மாது ரயில் நிலையத்தில் குடையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள். தெளிவான குரல், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள்.

"ஐயா, புரியலன்னா இத அமுக்குங்க, நின்னுடும். இத அமுக்கினா பின்னாடி போவும். திருப்பித் திருப்பிக் கேட்டுக்கலாம்."

"ஒருத்தர் ஓதிக்கிட்டிருக்கும்போது நடுவுல நிறுத்தறது பழக்கமில்ல, சேகர்."

"அது மெசினுங்க ஐயா."

"குரல் மனுசக் குரல்தானே."

சேகர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொடங்கிய பதிகத்தை நடுவில் நிறுத்துவது நம் குழுவில் உண்டா? இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு கடைசிப் பாடலான திருக்கடைக்காப்பு வரை போவோம். கேட்பவரும் கை கட்டி, வாய் மூடி, இறுதிவரை அசையாமல் கேட்பார். கேட்டல் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். ஆகவே நாள்தோறும் நீராடி, நீறு அணிந்து, செருப்பை வாசலில் விட்டு, கை கட்டி அமர்ந்து குடைப் பாடத்தைக் கேட்டேன்.

இடையூறு மின்சார வாரியத்திலிருந்து வந்தது. பாதிப் பாடத்தில் மின்சாரம் போகும். தடைப்பட்டதை விட்ட இடத்திலிருந்து தொடரலாகாது என்று மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். அந்த மாது பல வாரங்கள் குடையைத் தேடிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மின்சாரம் தங்கியது. குடை கிடைத்துவிட்டது. கற்பூரம் ஏற்றத் தோன்றிற்று. பிரவுசிங் சென்டரில் அதற்கு இடமில்லை.

மனத்தில் தங்குவதற்காகப் பாடங்களைப் பண்ணில் ஏற்றிப் பாடிப் பார்த்தேன். ஒரு பிரதோஷத்தன்று, நீங்கள் வந்து சேரும்வரை மண்டபத்தில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தபோது நம் தட்சிணாமூர்த்தி வந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல பண்ணு. எந்தத் தலத்துப் பாட்டுங்க இது? கேட்ட மாதிரியே இல்லியே."

"லண்டன்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அதன் பிறகு என் உடல்நிலையைப் பற்றி அடிக்கடி விசாரித்துவந்தார். அவருக்கு இக்கட்டுரை விளக்கமாகட்டும்.

3

ஐப்பசி மழையில் புறப்பட்டு அபர்தீன் வந்து சேர்ந்தோம். மகள் ஒரு சிறிய எம்.பி.3 கருவியை வாங்கி, இணையத்திலிருந்து பாடங்களை இறக்கி, அதில் நிரப்பித் தந்தாள். கடலோரம் நடந்தபடி கேட்பேன். நம் ஊர் வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் படகும் வலையும் மீன் விற்பவர்களின் குரலும் இருக்கும். இங்கே கடல் மட்டும் இருக்கிறது. அதனால் கேட்க வசதி.

பாடங்கள் அனைத்தும் மனப்பாடம். இந்த ஊர் மக்கள் பாடத்தின்படி பேசாததுதான் குறை. இவர்கள் பேசும் ஆங்கிலம் என் கருவியில் உள்ள ஆங்கிலத்தின் ஒன்றுவிட்ட தம்பி. முகச்சாயல் உண்டு, குணம் வேறு. முதல் நாள் பேருந்து ஓட்டுநர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். பாடத்தில் அந்தக் கேள்விக்குப் பின் வரும் வரியை நான் பிழையின்றிச் சொன்னேன்: "லண்டன், ப்ளீஸ்." அது நகருக்குள் ஓடும் பேருந்து. அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, வழிநெடுக என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

புதுச்சேரிக்காரர் சிலரைப் போல நாங்களும் பிரெஞ்சுக் குடிமக்கள். மருத்துவ நிலையத்தில் பெயர் பதியச் சென்றபோது, எங்கள் கடவுச்சீட்டுகள் பிரெஞ்சு அரசு கொடுத்தவை என்பதைக் கண்டு அங்கிருந்த பெண் மகிழ்ந்தாள். மொழி தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் உதவ ஆள் இருக்கிறார்களாம். மறுநாளே ஒரு பிரெஞ்சுப் பெண் அழைத்தாள். என் பிரெஞ்சு, பத்திரம் எழுதும் பிரெஞ்சு. எல்லை, பாத்தியதை, வாரிசு என்று நிதானமாகச் செல்லும். அவளுடையது மழையில் சைக்கிள் விடுவதுபோல இருந்தது. முடியும்வரை பொறுத்திருந்து, "மெர்சி மத்மொசேல்" என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் குறிப்பில் மட்டும் 'பிரெஞ்சு' என்று இன்னும் எழுதியிருக்கிறது. தமிழ் என்று மாற்றச் சொன்னோம். அதற்கு வேறொரு படிவமாம்.

இதையெல்லாம் மகள் பொறுத்தாள். தொலைபேசிதான் அவளைச் சோதித்தது. யார் அழைத்தாலும் நான் எடுத்து, "அல்லோ" என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி அமைதியாகக் கேட்பேன். மறுமுனையில் பேசுகிறவர் சற்றுப் பேசி, "ஹலோ? ஹலோ?" என்று கூவி, வைத்துவிடுவார்.

"யாருப்பா போன்ல?"

"ஒரு அம்மா. நல்லாத்தான் பேசினாங்க. முடிக்காமலே வெச்சிட்டாங்க."

ஒருநாள் மகளே பரீட்சை வைத்தாள். படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனிலிருந்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, மருத்துவமனைத் தாதிபோல் குரலை மாற்றிக் கேள்விகள் கேட்டாள். நான் கை கட்டி நின்று கேட்டேன். நெடுநேரம் அமைதி.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீ முடி."

"முடிச்சு எவ்ளோ நேரம் ஆவுது!" என்ற குரல் தொலைபேசியிலும் கதவு வழியாகவும் ஒரே சமயத்தில் வந்தது.

4

சிவகாமி தொலைபேசியை எடுத்தால் கதை வேறு. அவளுக்கு ஆங்கிலத்தில் 'யெஸ்' கூடத் தெரியாது. காதில் வைத்ததும், "உம்" என்பாள். மறுமுனை பேசும். "உம்... உம்... அப்பிடியா... உம்." எதிர்வீட்டுக் கிழவியார் அவளிடம் அரைமணி பேசுவார். அழைத்தவர்கள் எல்லாம் மனநிறைவோடு வைப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "பாவம், அவங்களுக்கு இன்னாவோ கஷ்டம்" என்பாள்.

மூத்த பேத்தி அபிராமிக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் அவள் பெயர் அபி. தமிழ் புரியும், வாயில் வராது. பள்ளியிலிருந்து வந்ததும் அன்று நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் கொட்டுவாள். நான் கருவியை எடுத்துவைத்துவிட்டு, அசையாமல், முழு மரியாதையுடன் கேட்பேன். சில நாளில் அவள் என்னை விட்டு ஆயா சிவகாமியிடம் போய்விட்டாள். "தாத்தா டஸின்ட் லிஸன்" என்று தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வருந்தத்தக்க வகையில், அந்த வாக்கியம் தெளிவாகவே விளங்கியது.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது சிவகாமி தொடங்கினாள்.

"ஏங்க, ஒரு உம் கூட போடாம நின்னா, கல்லாண்ட பேசற மாதிரி இருக்காதா அவங்களுக்கு?"

"கல்லுகிட்டதான நாம தினமும் பேசறோம்?"

"நீங்களும் அந்தக் கல்லும் ஒண்ணா? நம்ம போனை எடுத்துட்டு அது சும்மா இருந்தா, நாமளே வெச்சிடுவோமா? வெக்க மாட்டோம். இவங்க வெச்சிடறாங்க. அவங்களுக்கு உம் வேணும்."

"உம் கொட்டறது கதைக்குடி. முக்கியமான வார்த்தைக்கு அது மரியாதை இல்ல."

"மரியாதையா கேட்டு இன்னா கேட்டீங்க, சொல்லுங்க?"

குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்கழி முடிவதற்குள் மகளுக்கு நம்பிக்கை போய்விட்டது. தை பிறந்து மாப்பிள்ளை மீண்டும் கடலுக்குப் புறப்பட்டார். சம்பந்தியம்மாளுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தைப்பூசம் கழிந்த சனிக்கிழமை வந்து சேர்வார். சிவகாமி பெட்டியைத் திறந்தாள். குழந்தைக்கென்று புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய மெல்லிய வேட்டித் துணிகளை மடித்து, சம்பந்தியம்மாளுக்கென ஒழித்துவைத்த அறையில் கொண்டுபோய் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

தைப்பூசம் வந்தது. நான் விளக்கேற்றிப் பதிகம் ஓதி முடித்த சமயம். பிற்பகல் மூன்று மணிதான். அதற்குள் இங்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா..."

சிவகாமி ஓடினாள். இரண்டாம் பிள்ளை வேகமாக வரும் என்று மகளே முன்பு சொல்லியிருந்தாள். அதைக் குழந்தையும் கேட்டிருக்கும்போலும். மகளால் பேச முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினாள்.

அழைத்தேன். ஒரு பெண்குரல் எடுத்தது. இந்த ஊர்க் குரல். ஒன்றுவிட்ட தம்பியின் குரல். "மை டாட்டர். பேபி. கமிங்" என்றேன். அதுவரை சரி. உடனே அவள் கேள்விகளைத் தொடுத்தாள். என் உடல், தன் வழக்கப்படி, கை கட்டி அசையாது நின்றது. அவள் பேசினாள். நான் கேட்டேன். பேச்சு நின்றது.

"ஹலோ? ஆர் யூ தேர்?"

இருக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் முடித்தாளா, இடையில் மூச்சு விடுகிறாளா என்று தெரியவில்லை. "ஹலோ?" என்று மீண்டும் வந்தது. இனி வைத்துவிடுவாள்.

படுக்கையறையிலிருந்து சிவகாமியின் குரல் வந்தது. எங்கள் மணவாழ்க்கையில் அவள் என்னை அப்படி அதட்டியதில்லை.

"உம் கொட்டுங்க! உம் கொட்டுங்கன்றன்!"

"உம்" என்றேன்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அவள் மறுபடி பேசத் தொடங்கினாள். "உம்" என்றேன். அடுத்த வாக்கியத்தைச் சற்று மெல்லச் சொன்னாள். "உம்." இன்னும் மெல்ல. அப்போதுதான் விளங்கியது, அவள் என் உம்முக்காக ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காத்திருக்கிறாள் என்பது. வெள்ளமாக வந்த பேச்சு அடி அடியாகப் பிரிந்தது. அடியாகப் பிரிந்தால் எனக்கு விளங்கும். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். வலி எப்போது தொடங்கியது என்கிறாள். தண்ணீர் உடைந்ததா என்கிறாள். மகளிடம் கேட்டுச் சொன்னேன்.

பிறகு ஒரு நீண்ட வாக்கியம் வந்தது. உம் போட்டேன், ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உள்ளே மகள் எழுப்பிய ஓசை சொன்னது. ஈசனே, பொறுத்தருள் என்று வேண்டிக்கொண்டு, என் வாழ்நாளில் முதல்முறையாக, பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் தடுத்தேன்.

"ஸ்டாப். அகெய்ன், ப்ளீஸ்."

உலகம் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் கோபிக்கவுமில்லை. "சர்ட்டன்லி" என்று சொல்லி, அதே வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் சொன்னாள். அவளை எங்கும் அழைத்து வராதீர்கள், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், கதவைத் திறந்து வையுங்கள்.

கதவைத் திறந்து வைத்தேன். பனி உள்ளே வந்தது. பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தது. வந்தவர்களில் ஒரு பெண் நேரே படுக்கையறைக்குள் போனாள். மருத்துவமனைக்குப் போக நேரமிருக்கவில்லை. படுக்கையறைக் கதவைத் தாண்டி வந்த முதல் அழுகுரல், எந்த மொழியும் இல்லாததால், எனக்கு உடனே விளங்கியது.

அந்தப் பெண் குழந்தையைத் துடைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, எதிரில் கை நீட்டி நின்ற சிவகாமியிடம் கொடுத்தாள். சம்பந்தியம்மாள் அறையிலிருந்து எடுத்துவந்த மெல்லிய வேட்டித் துணி அதற்குள் அவள் கையில் விரிந்திருந்தது. அவளிடம் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். "உம்... உம்" என்றாள் சிவகாமி, குழந்தையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சனிக்கிழமை சம்பந்தியம்மாள் வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன்ல நீங்கதான் பேசினீங்களாமே சம்பந்தி!" என்றார்.

"பேசல. கேட்டேன்" என்றேன். அவருக்கு விளக்கம் போதவில்லை.

6

இன்று காலை பூச நட்சத்திரத்துக்காக விளக்கேற்றிப் பதிகம் தொடங்கினேன். ஓராண்டு நிறைந்தவள் சிவகாமியின் மடியில் இருந்தாள். கருவி இப்போது மேசை இழுப்பறையில் உறங்குகிறது. பதிலாக, பள்ளி விட்டு வரும் அபிராமியின் கதைகளுக்குத் தினமும் உம் கொட்டுகிறேன். பாதி விளங்கும். விளங்காத பாதிக்கு நிறுத்தச் சொல்வேன். அவளுடைய தோழிகளின் சண்டை சச்சரவுகளில் இந்த ஊரில் என்னைவிடத் தேர்ந்தவர் எவருமில்லை.

அவள் இன்று தானே வந்து என் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்தாள். முதல் அடியை முடித்தேன். "உம்" என்றாள்.

திடுக்கிட்டேன். இரண்டாம் அடி. "உம்." பதிகத்துக்கு உம் கொட்டியவரை நம் குழு கண்டதில்லை. மங்கை வாயைப் பொத்திச் சிரித்தாள். சிவகாமி என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. நான் விடாமல் ஓதினேன். ஐந்தாம் பாடலின் நடுவில், ஒரு சொல் புரியாமல் நெற்றியைச் சுருக்கிய அபிராமி, என் முழங்காலைத் தட்டினாள்.

"ஸ்டாப், தாத்தா. அகெய்ன், ப்ளீஸ்."

அன்பர்களே, குழுவின் நெறியை நான் மறக்கவில்லை. தட்சிணாமூர்த்தி இதைப் படிக்கும்போது என்ன சொல்வார் என்பதும் தெரியும். என்றாலும் நடுப்பாடலில் நிறுத்தினேன். நிறுத்தி, அவள் கேட்ட அடியை, மெல்ல, சொல் பிரித்து, மீண்டும் பாடினேன்.

"உம்" என்றாள் அவள். மேலே பாடினேன்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் நல்ல செவி வாய்க்கட்டும். நீங்கள் பேசும்போது எதிரில் உம் கொட்ட ஒருவர் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கரையில், எந்த மொழியில் வளர்ந்தாலும், ஒருநாள் உங்கள் முழங்காலைத் தட்டி இன்னொரு முறை கேட்கட்டும். ஈசன் திருவருள் எல்லோர்க்கும் ஆகுக.